ஒற்றைக்கண்ணனுக்குப் பிடித்தது

உடம்பே இல்லாத ஒருவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றிடம் நியாயம் பேசிப் புரியவைக்க முடியுமா என்ன?

அவன் வேலை பார்ப்பது வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றின் புகார் கவுண்டரில். துவைக்காத வாஷிங் மெஷின், குளிராத ஃப்ரிட்ஜ், சத்தம் மட்டும் போடும் மிக்சி, எதுவாக இருந்தாலும் அவன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மெஷினைச் செய்தவன், விற்றவன், மாடிக்குத் தூக்கிப் போகும்போது கீழே போட்டவன் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். "சாரி சார், சாரி மேடம்" என்று நாள் முழுக்க நெளிவது இவன். பன்னிரண்டு வருடம் சொல்லிச் சொல்லி, கடையில் அவனுக்குப் பெயரே 'சாரி சார்' ஆகிவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் கூட அவன் முகத்தைப் பார்த்ததும் பாதி அடங்கிவிடுவார்கள். தப்பு யாருடையது என்று அவன் பார்ப்பதே இல்லை. முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் பில்லையே வாங்கிப் பார்ப்பான்.

அவன் மனைவி ஒரு கிளினிக் லேபில் ரத்தம் எடுப்பவள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் 'ஊசி அக்கா'. "ஒண்ணும் வலிக்காது, அந்தக் கடிகாரத்தைப் பாருங்க" என்பாள். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். பஞ்சு மாதிரி கை என்று ஊரே மெச்சும். வீட்டிலும் அப்படித்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தான். அதுதான் அவன் செய்த முதல் தப்பு.

லேப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவள் கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டது. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாளே, "பொழுது போகல, சுவத்தை எத்தனை தடவை பாக்குறது?" என்று புலம்ப ஆரம்பித்தாள். இவன்தான் பெரிய மனது பண்ணி அவளைத் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, காலுக்கு ஸ்டூல் போட்டு, தன் அபிமான விளையாட்டைத் திறந்து கொடுத்தான். வினையை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பது என்றால் இதுதான்.

அது ஒரு ராஜ்ஜியத்தில் நடக்கிற கதை. ஊர் ஊராகப் போக வேண்டும். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல மூன்று நான்கு பதில்கள் திரையில் வரும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்பக் கதை மாறும். உத்தமனாகவும் இருக்கலாம், அயோக்கியனாகவும் இருக்கலாம். அவன் ஆறு வருடத்தில் நான்கு தடவை அதை முடித்திருந்தான். நான்கு தடவையும் உத்தமன். நான்காவது தடவை எப்படியும் கெட்டவனாகிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, கன்னத்தில் தழும்பு, கறுப்புக் கவசம், பார்த்தாலே பயப்படுகிற மாதிரி ஓர் ஆளை உருவாக்கினான். முதல் ஊர் வாசலில் வயதான காவல்காரர், "குளிருதே தம்பி, உள்ளே வா" என்றார். மூன்று பதில்கள் வந்தன. 'நன்றி ஐயா.' 'வழியை விடு.' 'அவரை அகழியில் தள்ளு.' தழும்பு முகத்தை வைத்துக்கொண்டு 'நன்றி ஐயா' என்றான். அன்று சாயங்காலம் அந்தக் கறுப்புக் கவசம் காவல்காரருடைய காணாமல்போன ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் விளையாட்டில் அதே ஊர் வாசலுக்கு வந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. காவல்காரர் அகழியில் கிடந்தார்.

"ஏய்! அவர் பாவம்!"

"என்ன பாவம்? கையில ஈட்டி வெச்சிருந்தார்."

"குளிருதுன்னு உள்ள கூப்பிட்டார்ல?"

"கூப்பிட்டா போயிடணுமா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடித்தொண்டையிலிருந்து வந்த, கரகரப்பான சிரிப்பு. ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் கேட்டதில்லை. கேட்டதும் பிடித்திருந்தது, அடுத்த நொடியே, இவ்வளவு நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று மனது கசந்தது.

அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. தன் ஆளுக்கு 'ராணி' என்று பெயர் வைத்தாள். மாவு ஆலையைக் கொளுத்தினாள். வைத்தியச்சியைச் சிறையில் தள்ளினாள். அனாதை விடுதியின் மணியைத் திருடி உருக்கித் தனக்குத் தலைக்கவசம் செய்துகொண்டாள். அந்த விளையாட்டில் கடுமையான முறை என்று ஒன்று உண்டு: ஒரே ஒரு பதிவுதான் இருக்கும், செய்ததெல்லாம் தானாகவே அதில் பதிந்துகொண்டே போகும், பின்னால் போய் எதையும் மாற்ற முடியாது. அவன் அதைத் தொட்டதே இல்லை. அவள் முதல் நாளே அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். "செஞ்சது செஞ்சதுதான். திரும்பிப் போய் சரிபண்றதா இருந்தா அப்புறம் நான் என்ன கெட்டவ?" என்றாள்.

இதையெல்லாம் கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். வந்து சேர்ந்தான் ஒற்றைக்கண்ணன்.

முதல் ஊர்ச் சத்திரத்தில் கூட்டாளியாக வந்து சேரும் கூலிக் கொலைகாரன் அவன். இடது கண்ணில் தோல் பட்டை. நாம் ஏதாவது அக்கிரமம் செய்தால் திரையின் மூலையில் 'ஒற்றைக்கண்ணனுக்கு இது பிடித்தது' என்று எழுத்து வரும். நல்லது செய்தால், 'பிடிக்கவில்லை.' பிடிக்காதது சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் கிளம்பிவிடுவான். நான்கு தடவையும் இவனை விட்டு அவன் இரண்டாவது ஊரிலேயே ஓடிவிட்டான். "உன் நல்ல மனசு எனக்குக் குமட்டுது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவான். அந்தப் பட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஆறு வருடமாக இவனுக்கு ஒரு குடைச்சல்.

ஒன்பதாம் நாள், கடையிலிருந்து திரும்பி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். "இன்னிக்குப் பட்டையைக் கழட்டினான்."

"என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. அவனே பிடுங்கிக்கிட்டானாம்."

"ஏன்?"

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அது எங்களுக்குள்ள" என்றாள்.

எங்களுக்குள்ள! கழற்றிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். யார் மேல் பொறாமை என்று அவனுக்கே பிடிபடவில்லை. தன் மனைவியிடம் மனதைத் திறந்த அவன் மேலா, ஆறு வருடம் காத்திருந்த தனக்குக் கிடைக்காததை ஒன்பது நாளில் வாங்கிவிட்ட இவள் மேலா? இரண்டும்தான். இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டால் நடுவில் நிற்பவன் எங்கே போவான்?

மறுநாள் மதியம் கடையிலிருந்து போன் செய்தான். "சாப்பிட்டியா?"

"அப்புறம் பேசறேன். அரண்மனைக்குள்ள இருக்கோம்."

'இருக்கோம்.' அன்று மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாளிடம் ஏழு தடவை சாரி சொல்லிவிட்டு, அவர் போன பிறகுதான் அது தங்கள் கடையில் வாங்கிய மிக்சியே இல்லை என்று கண்டான்.

இதற்கு நடுவில் லேபில் ஒரு வில்லங்கம் முளைத்தது. அவள் விழுவதற்கு முந்தின நாள் இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களில் லேபிள் மாறிப்போயிருந்தது. நல்ல வேளையாக மருந்து கொடுப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒட்டியது அவள் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த, கிளினிக்கை நடத்தும் பெரிய டாக்டரின் அண்ணன் மகள். ஆனால் 'என் கவனக்குறைவுதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி ஊசி அக்காவுக்குத்தான் கடிதம் வந்தது. அவள் அதை நான்காக மடித்து, ஆடுகிற ஸ்டூலின் காலுக்கடியில் வைத்தாள். "நான் எழுத மாட்டேன். வேலைக்குத் திரும்பற அன்னிக்கு நேர்ல போய்ப் பேசிக்கிறேன். நீ இதுல தலையிடாத" என்றாள்.

தலையிடாமல் இருப்பானா? தினமும் நூறு சண்டையை ஆற்றுகிற கை ஆயிற்றே. கட்டுப் பிரிப்பதற்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போனான். பெரிய டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சு டாக்டர், மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். டாக்டர் முகம் மலர்ந்தது. இவனுக்கும் மனது குளிர்ந்தது. காரியம் கச்சிதமாக முடிந்தது, அவள் வேலைக்குத் திரும்பும்போது எல்லாம் அமைதியாக இருக்கும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அதை மூடி வைத்தான்.

மாவுக்கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. கூடப் போவதற்காக லீவு போட்டிருந்தான். "நீ வேணாம், அக்கா வரா" என்று அவள் தன் அக்காவோடு டாக்சியில் ஏறிவிட்டாள். வீட்டில் இவனும் கம்ப்யூட்டரும். அவள் அணைக்காமல் போயிருந்தாள்.

திரையில் ஒரு மலைப்பாதை. ராணி நின்றாள். அவளுக்கு இரண்டடி முன்னால், பள்ளத்தின் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றைக்கண்ணன் குனிந்து காலணி வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே இரண்டு வரிகள். 'பேசு.' 'பள்ளத்தில் தள்ளு.'

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டாவது வரியின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினான். கிளிக் செய்ய வேண்டியதுதான் பாக்கி. பத்து நிமிடம் போனது. டீ ஆறியது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே, வார் வேறு அவிழ்ந்திருக்கிறதே என்று விரல் மறுத்தது. கொலைக்கும் ஒரு தெம்பு வேண்டும். அது இவனுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, தன் கையில் வேறு ஓர் ஆயுதம் இருப்பது. அதில் இவனை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

ராணியை மலையிலிருந்து இறக்கி, வந்த வழியே கூட்டிப்போனான். எரிந்த ஆலையை அவளுடைய வீரர்களை வைத்தே கட்டிக்கொடுத்தான். ஆலைக்காரரின் விதவையிடம் மன்னிப்புக் கேட்கவைத்தான். மூலையில் எழுத்து வந்தது: 'ஒற்றைக்கண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.' படித்ததும் இவனுக்குக் கற்கண்டைக் கடித்த மாதிரி இருந்தது. வைத்தியச்சியைச் சிறையிலிருந்து விட்டு, மன்னிப்பு. 'பிடிக்கவில்லை.' தலைக்கவசத்தை உருக்கி மணியாக்கி அனாதை விடுதியில் தொங்கவிட்டு, மன்னிப்பு. 'பிடிக்கவில்லை.' முதல் ஊர் வாசலில் இப்போது செத்த காவல்காரரின் மகள் காவல் இருந்தாள். அவள் முன்னால் ராணியை மண்டியிடவைத்தான்.

ஒற்றைக்கண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "உன்னை ராணின்னு நெனச்சேன்" என்றான். அப்புறம் திரும்பி நடந்தான். பாதை வளைவில் மறைந்துபோனான்.

இவன் கை தட்டினான். உண்மையாகவே, யாரும் இல்லாத அறையில், இரண்டு தடவை தட்டினான். அதற்குள் திரையின் ஓரத்தில் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றி நின்றது. பதிந்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லாத பதிவு. ஐந்தரை வாரமாக அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய அக்கிரமம் அத்தனையும் ஒரு மதியத்தில் பாழ். தட்டிய கை அப்படியே மடியில் விழுந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு அக்கா வாசலோடு விட்டுவிட்டுப் போக, அவள் கைத்தடியை ஊன்றி மெதுவாக உள்ளே வந்தாள். அவன் எழுந்து நின்றான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். ராணி இன்னும் மண்டியிட்டபடி இருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. செய்ததையெல்லாம் வரிசையாகக் காட்டும் ஏடு ஒன்று அந்த விளையாட்டில் உண்டு. அதைத் திறந்து, ரிப்போர்ட் படிக்கிற குரலில் படித்தாள்.

"ஆலைக்காரர் விதவையிடம் மன்னிப்புக் கேட்டாய். வைத்தியச்சியிடம் மன்னிப்புக் கேட்டாய். அனாதைகளிடம் மன்னிப்புக் கேட்டாய். காவல்காரர் மகளிடம் மன்னிப்புக் கேட்டாய்." திரும்பினாள். "வேற எவன் வந்து இப்படிப் பண்ணியிருப்பான்? கைரேகையே வேணாம்."

"நான் சும்மா..."

"இன்னிக்குக் கட்டுப் பிரிச்சுட்டு லேபுக்கும் போனேன். பெரிய டாக்டரைப் பார்த்தேன்."

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"'உங்க வீட்டுக்காரர் வந்து தன்மையா பேசினார், தப்பை ஒத்துக்கிட்டார், இனிமே ஜாக்கிரதையா இருங்கம்மா'ன்னார். நாலு பேர் முன்னாடி. ஒட்டினவ பக்கத்துலதான் நின்னா. அவளுக்கே தலை நிமிரல. நான் என்ன சொல்லட்டும்? என் புருஷன் பொய் சொன்னான்னு சொல்லட்டுமா?"

"உனக்கு நல்லது பண்ணணும்னுதான்..."

"அதத்தான் பண்ணியிருக்க. அங்கயும் இங்கயும்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பான், கத்துகிறவர்களைத் தாங்குவதுதானே அவன் வேலை. "பதினோரு வருஷமா நானும் வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரு எடத்துலயாவது அதைச் சொல்லாம இருந்தேன். அங்கயும் வந்து என்னை முட்டி போட வெச்சுட்ட."

அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். இவனுக்கு உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தது பொத்துக்கொண்டு வந்தது.

"அவன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு? சொல்லு! வீட்டுக்கு வந்தா அவன் பேச்சு, போன் பண்ணினா அவன்கூட இருக்க. என்கிட்ட ஒரு நாள் அப்படிச் சிரிச்சிருக்கியா? ஒத்தக் கண்ணு, ஒரு பட்டை, உடம்புகூட கிடையாது அவனுக்கு. என்ன இருக்கு அவன்கிட்ட?"

அவள் கைத்தடியை மேஜையில் சாய்த்து வைத்தாள்.

"அவன் ஒரு தடவைகூட எனக்காகப் போய் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல."

அவனால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. காலடியில் ஸ்டூல் இருந்தது. ஸ்டூலின் காலுக்கடியில் நான்காக மடித்த கடிதம் இருந்தது. குனிந்து அதை உருவினான். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

கிளினிக்கில் பெரிய டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும், "வாங்க வாங்க, அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றார்.

"முடியல டாக்டர்." நின்றபடியே சொன்னான். "அன்னிக்கு நான் சொன்னது பொய். என் மனைவி தப்பு பண்ணல. அவளைக் கேக்காம நானா வந்து சொன்னேன்."

"அப்ப ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"

"எனக்கு அது பழக்கம். யார் தப்புன்னு பார்க்காம கேட்டுடுவேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ என் அண்ணன் பொண்ணு தப்பு பண்ணினாங்கிறீங்களா?"

இங்கேதான் வழக்கமாக அவன் நெளிவான். 'அப்படியெல்லாம் இல்ல டாக்டர்' என்று வாய் தானாக வடிவம் எடுத்தது. அதைக் கடித்து விழுங்கினான். "ஆமா" என்றான். கடிதத்தைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு மேஜை மேல் வைத்தான். டாக்டர், "வெளிய போங்க" என்று கத்தினார். வாசலில் கதவோரம் நின்ற அண்ணன் மகள் இவனைப் பார்த்துவிட்டு, "நானும் உள்ள போய்ப் பேசறேன் சார்" என்றாள் மெல்ல. பேசுவாளோ மாட்டாளோ. படிக்கட்டில் காவலாளியின் காலை மிதித்துவிட்டான். அவரிடம் மட்டும் சாரி சொன்னான். அது அவனே சம்பாதித்த சாரி.

வீட்டுக்கு வந்தபோது அவள் புது ஆட்டம் ஆரம்பித்திருந்தாள். அகழியில் காவல்காரர் மறுபடியும் மிதந்துகொண்டிருந்தார். ராணி சத்திரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள், திரும்பாமல்.

"எழுதிக் கொடுத்தேன். கத்தினார். இனி உன் வேலைக்கு ஆபத்து வந்தாலும் வரும்."

"வரட்டும். நீ என்ன சொன்ன?"

"சாரி சொல்லல."

அவள் மவுஸை நிறுத்தினாள். "டாக்டர்கிட்ட போனதுக்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கல. எப்ப மன்னிப்பேன்னும் தெரியாது."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில், கால் சாய்ந்த அந்த ஸ்டூலின் மேல் உட்கார்ந்தான். கட்டுப் பிரித்த கால் வெளிறிப்போய், சுருங்கிப்போய் இருந்தது. அவள் அதைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

"மெதுவா பிடி. வலிக்குது" என்றாள்.

ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவள் அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். திரையில் சத்திரத்தின் இருட்டு மூலையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். இடது கண்ணில் தோல் பட்டை. அதைப் பார்த்ததும் இவன் வயிற்றில் பழைய நெருப்பு மறுபடியும் குப்பென்று பற்றியது.

"எனக்கு இவனைச் சுத்தமா பிடிக்கல" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அடித்தொண்டையிலிருந்து சிரித்தாள்.